அடுக்கின் அடியில் கிடந்த லிஃப்ட் படம்

நாற்காலி சாய்ந்து, விளக்கு முகத்துக்கு நேரே வந்து, துளை போடும் மெஷின் ஓட ஆரம்பித்ததும் என் அக்கா நோயாளியின் காதருகே குனிவாள்.

"அந்த வீட்ல ஒரு தொட்டில் இருந்துச்சு சார். குழந்தைதான் இல்லை."

அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த மனிதருக்குப் பல் ஞாபகம் இருக்காது. அக்கா ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, பஞ்சு வைப்பது, கருவிகளைக் கொதிக்க வைத்து அடுக்குவது, இவைதான் சம்பளத்துக்குள் வரும் வேலைகள். பேய்ப் படக் கதை சொல்வது அவளாகச் சேர்த்துக்கொண்டது. "வாயைத் திறந்து வச்சிருக்கிறவங்களை மாதிரி ரசிகர் கிடைக்குமா? குறுக்கக் கேள்வி கேட்க முடியாது, எந்திரிச்சுப் போகவும் முடியாது" என்பாள். கதையை ஒருநாளும் முடிக்க மாட்டாள். நாயகி கதவுப் பிடியில் கை வைக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு, "மிச்சம் அடுத்த தடவை. வாயைக் கொப்பளிங்க" என்பாள். வேர் சிகிச்சைக்கு வருகிறவர்கள் பாதியில் நின்றுவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பல் மருத்துவர்கள் புலம்ப, அந்த கிளினிக்கில் மட்டும் ஒருவர்கூட நின்றதில்லை. மருத்துவரே ஒருமுறை என்னிடம் சொன்னார்: "நான் போடுற ஊசியைவிட உங்க அக்கா போடுற கதைதான் நல்லா மரத்துப்போக வைக்குது."

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். எங்கள் கிராமத்தில் மாடிப்படியே இரண்டு வீட்டில்தான் உண்டு. வேலை கிடைத்து இந்த ஊருக்கு வந்தபோது அக்கா வீட்டிலேயே தங்கிக்கொண்டேன். கூடத்தில் டிவிக்கு மேலே என் பட்டமளிப்புப் படம் மாட்டியிருக்கும், தொப்பியும் அங்கியுமாக. அதற்குக் கீழே, டிவியை ஒட்டி, சிடி உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு கோபுரம் போல நிற்கும். எல்லாமே பேய்ப் படங்கள். அந்த அடுக்குதான் எங்கள் வீட்டின் தரவரிசை. மதிப்பெண் கிடையாது, நட்சத்திரம் கிடையாது. மேலே இருப்பது சிறந்த படம், கீழே போகப்போக மட்டம். புதிதாக ஒன்று வந்தால் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரைச்சீலையை இழுத்து மூடிப் பார்ப்போம். முடிந்ததும் ஆளுக்கொரு கருத்து. கடைசியில் அக்கா எழுந்து போய், அடுக்கை ஒரு கையால் தூக்கி, உரிய இடத்தில் அதைச் செருகுவாள். தீர்ப்பு அதுதான். அப்பீல் கிடையாது.

படங்களின் பெயர் எங்களில் யாருக்கும் ஞாபகம் இருக்காது. தொட்டில் படம், வாடகை வீட்டுப் படம், முடி படம், ரயில் படம். தொட்டில் படம்தான் உச்சியில். அதில் கடைசிவரை பேயைக் காட்டவே மாட்டார்கள். பக்கத்து அறையில் தொட்டில் ஆடும் சத்தம், அதைக் கேட்டுக்கொண்டு துணி மடிக்கும் ஒரு தாய், இவ்வளவுதான். "காட்டிட்டா அது அவங்க பேய். காட்டலேன்னா நம்ம பேய்" என்பது அக்காவின் கட்சி. மாமாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, வாடகை வீட்டுப் படம்தான் முதலில் வரவேண்டும். குடிவந்தவர்கள் எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் வீட்டில் ஓர் அறை கூடுதலாக இருக்கும் கதை.

"கூடுதலா ஒரு ரூம், அதுக்கு வாடகையும் இல்லை. பேய் இருந்துட்டுப் போகட்டுமே" என்பார்.

"நீங்க பேய்ப் படம் பார்க்கிறீங்களா, வீட்டுப் புரோக்கர் வேலை பார்க்கிறீங்களா?" என்பாள் அக்கா.

அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. திரையில் யாராவது கதவை நோக்கிப் போனால் அவளால் சும்மா இருக்க முடியாது. "திறக்காதடா! டேய், திறக்காத!" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்துவாள். திறந்துவிட்டால் அந்தப் படம் அடுக்கில் இன்னும் நாலு படி இறங்கும். முட்டாள்களை நம்பி எடுத்த படம் அவளுக்கு ஆகாது.

கோபுரத்தின் அடியில், எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, லிஃப்ட் படம் கிடந்தது. நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு பெண்ணின் கதை. மாமா லிஃப்ட் மெக்கானிக். தன் தொழிலைப் பற்றி ஒரு படம் வந்துவிட்டது என்று ஆசையாக வாங்கி வந்தார். பாதியில் விளக்கு அணையும் காட்சி வந்தது. அக்கா எழுந்து, "ஒண்ணுமே நடக்கலை, ஒரே அறுவை. நான் டீ போடப் போறேன்" என்று சமையலறைக்குப் போனவள், படம் முடிந்த பிறகுதான் டீயோடு வந்தாள். வந்த கையோடு அடுக்கு முழுவதையும் தூக்கி அதை அடியில் வைத்துவிட்டாள். மாமா முகம் தொங்கிப்போனது. அன்றிலிருந்து சண்டை போடும்போதெல்லாம், "என் தொழிலையே தரையில போட்டவதானே நீ" என்று ஆரம்பிப்பார்.

கிளினிக் ஆறாவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பராமரிப்பதும் மாமாதான். ஆனாலும் அக்கா தினமும் படியேறித்தான் போவாள். கேட்டால், "உடம்பு குறையட்டும்" என்பாள். "ஸ்வீட் கடைக்காரன் பொண்டாட்டி சர்க்கரை இல்லாம டீ குடிக்கிற மாதிரி இருக்குது" என்று மாமா கிண்டல் செய்வார். நாங்களும் சிரிப்போம். இத்தனையையும் சேர்த்துப் பார்க்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கணுக்கால் எலும்பில் விரிசல். முழங்கால்வரை மாவுக்கட்டு. சில வாரம் வீட்டில் கிடந்துவிட்டு, உட்கார்ந்தபடியே வேலை பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னதும் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்று எனக்கு விடுமுறை. நானும் மாமாவும் துணைக்குப் போனோம்.

லிஃப்ட் வாசலில் நின்றபோது அக்கா அதைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

"நேத்துதான் நானே எண்ணெய் போட்டேன். குழந்தை மாதிரி போகும். நானும் வரவா?" என்றார் மாமா.

"எதுக்கு? உள்ள வந்து ரோப்பு, மோட்டார்னு பாடம் எடுக்கவா? தொட்டில் படத்தையே தனியா பார்த்தவ நான். போங்க."

"சரி, பையைக் குடுக்கா. நான் படியில ஓடி உனக்கு முன்னாடி நிக்கிறேன் பார்" என்றேன். பையை வாங்கிக்கொண்டு ஓடினேன். அவளுடைய போன் அதற்குள்தான் இருந்தது.

ஐந்தாவது மாடியை எட்டும்போது கீழே எங்கோ பட்டென்று ஒரு சத்தம். நடைபாதை விளக்குகள் அணைந்தன. லிஃப்ட் இழுத்துக்கொண்டு போகும் முனகல் நின்றது. கருகிய வாடை படிவழியே மேலே வந்தது.

மாமா மூச்சிரைக்க ஏறி வந்தார், பின்னாலேயே காவலாளியும். "மெயின் போர்டு கருகிடுச்சு. கரண்ட் வர சாயங்காலம் ஆகும்" என்றவர், ஐந்தாம் மாடியின் வெளிக்கதவில் இருந்த நீளவாக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்தார். நானும் பார்த்தேன். லிஃப்டின் தரை என் நெஞ்சு உயரத்தில் நின்றிருந்தது. அதற்குக் கீழே இருட்டு. அக்கா உள்கதவை ஊன்றுகோலால் நெம்பித் திறந்திருந்தாள். இடைவெளியில் ஊன்றுகோல் குறுக்காகச் சொருகியிருக்க, அதன் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து, கண்ணாடியில் தெரிந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா என்னை ஓரமாக இழுத்தார். "மாப்ளே, நான் மேல மெஷின் ரூமுக்குப் போய் சக்கரத்தைக் கையால சுத்திக் கீழ இறக்கணும். ஒரு ஆள் பிரேக்கை விடணும், ஒரு ஆள் சுத்தணும். அதனால காவலாளி என்கூட வரணும். நீ இங்க நில்லு. அவ அந்தக் கோலை உள்ள இழுத்து, கதவை மூடணும். மூடாம நான் அசைச்சேன்னா கோல் சுவத்துல மாட்டும். காலை நீட்டியிருந்தா காலும் போயிடும்." வெளிக்கதவைத் திறக்கும் சாவியை என் கையில் வைத்தார். "நான் போன்ல சொல்ற வரைக்கும் இதைத் தொடாத. திறந்தா அவ குதிக்கப் பார்ப்பா. குதிச்சா வழுக்கி அந்த இருட்டுக்குள்ளதான் விழுவா. அஞ்சு மாடி. புரியுதா?"

"லிஃப்டுக்குள்ள எமர்ஜென்சி லைட்டு?"

"பேட்டரி செத்துப்போச்சுன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப்போச்சு" என்றபடி மேலே ஓடினார்.

கதவை மூடினால் உள்ளே கும்மிருட்டு. அதை அவளே தன் கையால் செய்யவேண்டும்.

"அக்கா, ஒண்ணும் இல்லை. மாமா மேல போயிருக்கார். நீ அந்தக் கோலை உள்ள இழுத்துட்டுக் கதவை மூடிக்கோ. கையால தள்ளினாலே வரும்."

"மூட மாட்டேன்."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அதனால் எனக்கு விளங்கவில்லை.

"கொஞ்ச நேரம்தான்கா."

"சாவி உன்கிட்ட இருக்கு தானே? அவர் குடுத்திருப்பார், எனக்குத் தெரியும். வெளிக்கதவைத் திற. நான் இறங்கிடுறேன்."

"கீழ பள்ளம்கா."

"திறடா."

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். அவளைச் சிரிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் எதற்கும் அதுதான் மருந்து. "என்னக்கா இது, நீ கடைசி இடம் குடுத்த படம் உன்னைப் பழி வாங்குது. அதுலயும் இப்படித்தானே, ஒரு பொண்ணு, ஒரு லிஃப்ட்டு, விளக்கு வேற அணைஞ்சு…"

கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தேன். அக்கா வாயைத் திறந்து வைத்திருந்தாள், அவள் நோயாளிகளைப் போல. மூச்சு உள்ளே போவது தெரிந்தது, வெளியே வருவது தெரியவில்லை. மாவுக்கட்டுக் கால் நடுங்கி லிஃப்ட் தரையில் டக்டக்கென்று அடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றபோதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது. ஆறு மாடிப் படிகள். உடம்பு குறையட்டும். டீ போடப் போனவள் படம் முடியும்வரை சமையலறையில் நின்றது. அடுக்கு முழுவதையும் தூக்கி அதன் மேல் பாரமாக வைத்தது.

அந்தப் படம் அவளுக்கு அறுவையாக இருக்கவில்லை.

போன் அடித்தது. "மூடிட்டாளா?" என்றார் மாமா.

"இன்னும் இல்லை மாமா."

"ஏன்டா? சீக்கிரம் சொல்லு."

போனைக் காதிலிருந்து எடுத்தேன். அக்கா இப்போது நகர்ந்து வந்து, மாவுக்கட்டுக் காலை இடைவெளிக்கு வெளியே விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். குதிக்க எவ்வளவு தூரம் என்று அளப்பது போல இருந்தது. கால் இருட்டுக்கு மேலே தொங்கியது.

"அக்கா, காலை உள்ள எடு."

"திற. உன் காலைப் பிடிச்சுக் கேட்கிறேன், திறடா." என் அக்கா யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. சாவி என் உள்ளங்கையில் வியர்வையில் வழுக்கியது. பூட்டின் துளை என் மூக்குக்கு நேரே இருந்தது. ஒரு திருப்பு, அவள் கையைப் பிடித்துவிடலாம், நான் என்ன பலமில்லாதவனா, என்று மனசு கணக்குப் போட்டது. உண்மையாகவே சாவியைத் துளைவரை கொண்டுபோனேன்.

நிறுத்தியது அவள் குரல்தான், ஆனால் அன்றைய குரல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் டிவி முன்னால் கத்தும் குரல்.

"அக்கா, இதே காட்சி படத்துல வந்தா நீ என்ன கத்துவ?"

அவள் ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்தாள்.

"சொல்லுக்கா. கதவுகிட்ட ஒருத்தன் சாவியோட நிக்கிறான். உள்ள இருந்து யாரோ திற திறன்னு கூப்பிடுறாங்க. நீ சோபாவுல இருந்து என்ன கத்துவ?"

மூச்சுக்கு நடுவில், "திறக்காதடான்னு" என்றாள்.

சாவியைச் சட்டைப் பையில் போட்டேன். அவள் அதைப் பார்த்தாள். காலை உள்ளே இழுத்துக்கொண்டாள், ஆனால் ஊன்றுகோலைப் பிடித்த கை விடவில்லை.

"டேய்."

"என்னக்கா?"

"அந்தப் படத்துல… கடைசியில அவளுக்கு என்ன ஆச்சு?"

முடிவைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆனால் என்னைத் தயங்க வைத்தது அது இல்லை. அந்தப் படத்தின் முடிவு எனக்கு நன்றாகத் தெரியும். கதவைத் திறக்கிறார்கள், உள்ளே யாரும் இல்லை. லிஃப்ட் காலி. கதவு மூடிக்கொள்கிறது, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வாடகை வீட்டுக்கே சிரித்த மாமா, அன்று சோபாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"அவ கதவை மூடிட்டா" என்றேன். "அவளே மூடினா. மூடினாத்தான் மேல இருக்கிற ஆளால இறக்க முடியும்."

"மேல யார் இருந்தா?"

"அவ புருஷன். மெக்கானிக்."

அக்கா கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். "படத்துல புருஷனே கிடையாது. பாதி வரைக்கும் பார்த்தவடா நான். அவ கல்யாணம் ஆகாதவ."

மாட்டிக்கொண்டேன். பட்டம் வாங்கியும் எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "அது… பின்பாதியில…"

"உனக்குப் பொய் சொல்லவே தெரியாது" என்றாள். உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "மேல சொல்லு. நிறுத்தாத. நிறுத்தினே, கொன்னுடுவேன்."

ஊன்றுகோலை உள்ளே இழுத்தாள். இரண்டு கையாலும் கதவைத் தள்ளினாள். அவள் முகம் கோடாகி, கோடும் மறைந்தது.

போனை எடுத்தேன். "மூடிட்டா மாமா. இறக்குங்க."

மேலே எங்கோ இரும்பு முனகியது. கண்ணாடிக்கு அப்பால் லிஃப்டின் தரை ஒரு விரல் அளவு இறங்கி நின்றது. உள்ளிருந்து ஒரு சின்ன அலறல்.

"அவ உள்ள உட்கார்ந்திருக்கா" என்று கதவோடு வாயை வைத்துக் கத்தினேன். "மேல புருஷன் சக்கரத்தைச் சுத்துறான். வேர்க்குது. கூட ஒரு காவலாளி. அவருக்குத் தொப்பை, குனிய முடியலை."

"அப்புறம்?" கதவுக்குப் பின்னாலிருந்து.

"கீழ ஒரு தம்பி. படிச்சவன். தொப்பி போட்டு போட்டோ எல்லாம் எடுத்திருக்கான்."

"அவன்தான் பேயா?"

"ஆமா. அவன்தான் பேய்."

இன்னும் ஒரு விரல். மறுபடி நின்றது. ரோப்பில் அடித்திருக்கும் மஞ்சள் பெயின்ட் சக்கரத்துக்கு நேரே வந்தால் தரை சமம் ஆகிவிட்டது என்று மாமா சொல்லியிருக்கிறார். அந்த மஞ்சளை மனசுக்குள் இழுத்துக்கொண்டே வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். அவளுக்குத் தண்ணி தாகம் எடுக்குது என்றேன். வீட்டுல பால் காய்ச்சாம வச்சுட்டு வந்தது ஞாபகம் வருது என்றேன். நான் மூச்சு விட நிறுத்தியபோதெல்லாம் உள்ளிருந்து "அப்புறம்?" வந்தது. ஒருமுறை வரவில்லை.

"அக்கா?"

இல்லை.

"அக்கா! அப்புறம்னு கேளு!"

"…அப்புறம்."

தரை என் இடுப்புக்கு வந்தது, பிறகு முழங்காலுக்கு. கடைசியில் லேசான ஓர் அதிர்வு. போனில் மாமா, "மஞ்சள் வந்துடுச்சு. பிரேக் போட்டாச்சு. இப்ப திற, இப்ப திறடா!" என்று கத்தினார். சாவி முதல் தடவை பூட்டில் ஏறவில்லை, இரண்டாம் தடவை திறந்தேன்.

அக்கா மூலையில் உட்கார்ந்திருந்தாள். புடவை தோளெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது. கைகொடுத்துத் தூக்கினேன். வெளியே கால் வைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா படிகளை இரண்டிரண்டாகத் தாவி வந்தார், கையெல்லாம் கிரீஸ். "கோலை எதுக்குடி கதவுல சொருகின? உள்கதவு ரப்பர் என்ன விலை தெரியுமா?" என்று திட்டினார்.

அக்கா என்னைப் பார்த்தாள். "படத்துல அவ புருஷன் முதல்ல என்ன சொன்னான்?"

"இதையேதான் சொன்னான்" என்றேன்.

அப்போதுதான் அவள் அழுதாள். மாமா கிரீஸ் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்றில் வைத்துக்கொண்டு நின்றார்.

ஆறாவது மாடிக்கு மிச்சப் படிகளை எங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். கிளினிக்கில் இன்வெர்ட்டர் இருந்ததால் வேலை பார்த்தாள். சாயங்காலம் கரண்ட் வந்தது, லிஃப்ட் ஓடியது, மாமா உள்ளே புது பேட்டரியும் மாட்டிவிட்டார், தன் கைக்காசில். அக்கா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆறு மாடியையும் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து, மாவுக்கட்டுக் காலை நீட்டியபடி, பின்பக்கமாகவே இறங்கினாள். நான் ஊன்றுகோலையும், மாமா அவள் செருப்பையும் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கினோம். எதிரே ஏறி வந்த ஒருவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். "லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது. இது எங்க வீட்டு வழக்கம்" என்று மாமா முந்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து டீ குடித்ததும் அக்கா டிவி பக்கம் போனாள். அடுக்கின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடி முழு அடுக்கையும் தூக்க முடியாததால், அடியில் இருந்ததை இழுத்தாள். கோபுரம் சரிந்து கூடமெங்கும் சிதறியது. முடி படம் மேசைக்கு அடியில் போனது. லிஃப்ட் படத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் அடுக்கினாள். தொட்டில் படத்தை வைத்தாள். பிறகு அதற்கு மேலே, உச்சியில், லிஃப்ட் படத்தை வைத்தாள். தொட்டில் படத்துக்குப் பதிலாக இப்போது அதுதான் என் பட்டமளிப்புப் படத்தின் சட்டத்தைத் தொட்டது.

மாமா வாயைப் பிளந்தார். "முதலிடமா? முழுசாப் பார்க்காமலேயா?"

"பாதியிலேயே எந்திரிச்சு ஓட வச்ச படம் அது ஒண்ணுதாங்க. அதைவிட நல்ல பேய்ப் படம் எது?"

"அப்ப மிச்சத்தைப் போடவா? ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்."

"வேணாம். எனக்கு முடிவு தெரியும்" என்றாள் அக்கா, என்னைப் பார்க்காமல். "கிளினிக்ல இன்னைக்கு ஒரு அம்மாவுக்கு முழுசாச் சொல்லி முடிச்சுட்டேன். அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."